வார்த்தலும் தொற்றுதலும்: கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் மனம் காணும் பொருள்

முன்னுரை

கொள்ளைநோய் உடலை மட்டும் தாக்குவதில்லை. அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, யாரால் வந்தது, எப்போது போகும் என்னும் வினாக்களையும் உடன் கொண்டு வருகிறது. இவ்வினாக்களுக்கு விடை காணாமல் மனித மனம் அந்நோயோடு வாழ இயலுவதில்லை. மருத்துவம் தரும் விடை ஒன்று. மக்கள் தம் மொழியிலும் வழக்கிலும் தாமே ஆக்கிக்கொள்ளும் விடை மற்றொன்று. இரண்டாவது விடையை அறியாமை என ஒதுக்குவதும், முன்னோர் அறிவு எனப் புகழ்வதும் ஆய்வுலகில் ஒருங்கே காணப்படும் போக்குகள். இவ்விரு போக்குகளும் அவ்விடை மனத்திற்கு என்ன செய்தது என்பதை ஆராயாமலேயே தீர்ப்பு வழங்கிவிடுகின்றன.

கொள்ளைநோய்க் காலத்தில் தமிழ் மக்கள் தம் அச்சத்திற்கும் இழப்பிற்கும் எவ்வாறு பொருள் கண்டனர் என்பதைச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, மாரியம்மன் தாலாட்டு, அம்மை நோய் பற்றிய வழக்குச் சொற்கள், 2020ஆம் ஆண்டு முதல் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வழங்கிய சொற்களும் நிகழ்வுகளும் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக் களத்தின் மையமாக வரதய்யபாளையமும் அதனைச் சூழ்ந்த எல்லைப் பகுதியும் கொள்ளப்படுகின்றன.

களத்தின் தன்மை

வரதய்யபாளையம் சத்தியவேடு சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்த ஊர். 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்று முதல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தமிழக எல்லைக்கு அருகிலுள்ள இப்பகுதியின் எல்லைக்கோடு மிகப் பழையதன்று. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழகத்தோடு சேர்ந்தன. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுப் பகுதி ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. ஆட்சி எல்லை மாறியபோதும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலை மாறவில்லை. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் அமைந்த பின் இருபுறத்தாரின் போக்குவரவு மேலும் பெருகிற்று.

இக்களம் இரு காரணங்களால் சிறப்புடையது. ஒன்று, தமிழரின் மாரியம்மனும் தெலுங்கரின் கங்கம்மாவும் அடுத்தடுத்து வாழும் இடம் இது. மற்றொன்று, கொள்ளைநோய் பற்றிய மனநிலையில் எல்லை என்னும் கருத்து வகிக்கும் பங்கை எல்லைப் பகுதியிலேயே தெளிவாகக் காண முடிகிறது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. கண்ணுக்குப் புலனாகாது வருத்தும் ஆற்றல் அணங்கு. கொடிய உயிரினம் விலங்கு. தீங்கு செய்யக் கருதி அணுகும் மனிதர் கள்வர். தண்டிக்கும் ஆற்றலுடைய தலைமை இறை. இப்பகுப்பு செய்யுட்கு உரியதாகச் சொல்லப்பட்டதாயினும் கொள்ளைநோய்க் கால மனநிலையை விளக்கவும் துணைசெய்கிறது.

2020ஆம் ஆண்டின் நிகழ்வுகளை இந்நான்கின் வழி நோக்கலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்மியைப் பற்றிய அச்சம் அணங்கின்பாற்பட்டது. நோய் விலங்கிலிருந்து வந்தது என்னும் பேச்சு விலங்கின்பாற்பட்டது. இருமும் அயலார், வெளியூரிலிருந்து திரும்பிய உறவினர், வேறு சமயத்தார் எனச் சக மனிதரைக் கண்டு எழுந்த அச்சம் கள்வர் என்னும் நிலைக்களனைச் சார்ந்தது. ஊரடங்கை மீறினால் நேரும் தண்டனையைப் பற்றிய அச்சம் இறையின்பாற்பட்டது. நான்கும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

கொள்ளைநோயில் மனம் முதற்கண் உணர்வது அணங்கச்சத்தையே. அணங்கோடு நேரே போரிட இயலாது. ஆதலின் மனம் அவ்வச்சத்தைத் தான் கையாளக்கூடிய பிறிதொரு நிலைக்களனுக்கு மாற்ற முனைகிறது. அம்மாற்றம் எத்திசையில் நிகழ்கிறது என்பதே ஒரு சமூகம் கொள்ளைநோயைக் கடந்த விதத்தைத் தீர்மானிக்கிறது எனலாம்.

மருத்துவ வரலாற்றறிஞர் சார்லஸ் ரோசன்பர்க் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றில் கொள்ளைநோய் நாடக அமைப்புடையது என்றார். நோய் வந்ததை முதலில் மறுத்தல், பின் மெல்ல ஏற்றல்; ஏன் சிலர் மாண்டனர், சிலர் பிழைத்தனர் என்னும் ஒழுங்கின்மைக்கு விளக்கம் காணுதல்; பொதுச் செயல் ஒன்றை மேற்கொள்ளுதல்; இறுதியில் ஓசையின்றி அடங்குதல் என அந்நாடகம் நடக்கும். விளக்கம் காணும் கட்டத்தில்தான் பழி பிறக்கிறது என்பது அவர் கருத்தின் உட்கிடை. தமிழ்ச் சான்றுகள் இதனை உறுதிசெய்கின்றன. அதே வேளையில் பழி தவிர்த்த மற்றொரு விளக்கமுறையும் இருந்ததைக் காட்டுகின்றன.

குற்றமும் நோயும்: உரைபெறு கட்டுரை

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை அளவிற் சிறியது. பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்த பின் அந்நாட்டில் மழை பொய்த்து வறுமை சூழ்ந்தது. வெப்பு நோயும் குருவும் தொடர்ந்தன. வெப்பு நோய் காய்ச்சலையும் குரு கொப்புள நோயையும் குறிப்பன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டு விழாவும் சாந்தியும் செய்ய, மழை பெய்தது, நோய் நீங்கியது. இச்செய்தியைக் கேட்ட கொங்கர், இலங்கைக் கயவாகு, சோழன் பெருங்கிள்ளி ஆகியோரும் பத்தினிக்கு விழா எடுத்தனர் என அக்கட்டுரை கூறுகிறது.

இங்கு நோய்க்குக் காரணம் அநீதி. அநீதி இழைத்தவன் அரசன். தீர ஆராயாது கோவலனைக் கொல்லச் செய்த குற்றத்தின் விளைவே நாட்டின் நோய் என்னும் விளக்கம் துணிவானது. குடிமக்களின் ஒழுக்கக்கேட்டால் நோய் வந்தது எனக் கூறாமல் ஆட்சியின் பிழையால் வந்தது எனக் கூறுகிறது. ‘தம் இறை’ என்னும் நிலைக்களன் இங்கு அச்சத்திற்குரியதாக இருப்பதினின்று மாறிக் குற்றத்திற்குரியதாக ஆகிறது.

எனினும் கட்டுரையின் பிற்பகுதி வேறு திசையில் செல்கிறது. பழி அரசனிடமிருந்து பொற்கொல்லரிடம் பெயர்கிறது. வஞ்சித்தவன் ஒரு பொற்கொல்லன், பலியானோரோ ஆயிரவர். ஒருவன் செய்த குற்றம் அவன் பிறந்த கூட்டத்தின் குற்றமாயிற்று. நீர்ப்படைக் காதையிலும் இச்செய்தி இடம்பெறுகிறது. இப்பலி உண்மையில் நிகழ்ந்ததா என்பது வரலாற்றாய்வுக்கு உரியது. அந்நிகழ்ச்சியைச் சொல்லும் கதையமைப்பு ஏற்கத்தக்கதாகக் கருதப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. மழையும் நலமும் வந்ததாகச் சொல்லப்படுவதால் பலி நியாயம் பெற்றுவிடுகிறது. ஆயிரவர் குடும்பங்களின் துயரைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் கூறவில்லை.

இதே பெயர்ச்சி 2020இலும் நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் தில்லியில் நடந்த சமயக் கூட்டம் ஒன்றில் நோய் பரவியதைக் காரணமாகக் கொண்டு ஒரு சமயத்தார் முழுவதையும் நோய்பரப்புநராகக் காட்டும் பேச்சு நாடெங்கும் எழுந்தது. அக்கூட்டத்திற்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் தள்ளுபடி செய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டனர் என்னும் கருத்தை வெளியிட்டது. ‘பலி’ என்னும் சொல்லின் பழம்பொருள் நீதிமன்ற மொழியிலும் தொடர்வது இங்கு நோக்கத்தக்கது.

ஈழத்துக் கண்ணகி வழிபாடு இக்கதையின் வேறொரு வளர்ச்சியைக் காட்டுகிறது. மட்டக்களப்புப் பகுதியில் வைகாசித் திங்களில் கண்ணகி வழக்குரை பாடப்பெறுகிறது. சடங்கு குளுத்தி எனப்படும் குளிர்விப்போடு நிறைவுறுகிறது. சிங்களரிடையே பத்தினித் தெய்வம் அம்மை போன்ற வெப்ப நோய்களோடு தொடர்புடையவளாக விளங்குவதைக் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட தம் பெருநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பலியால் தணிந்த சினம் இங்குக் குளிர்விப்பால் தணிகிறது. பழி வாங்கும் கதை பணிவிடை செய்யும் சடங்காக மாறியிருக்கிறது.

அம்மை மரபு: மேலிருந்து வருவது

அம்மை நோய் பற்றிய தமிழ் வழக்குகள் தனித்தன்மை உடையன. நோய் ‘வந்தது’ என்பதைவிட ‘அம்மை வார்த்தது’ என்பதே வழக்கு. கொப்புளம் ‘முத்து’ எனப்படும். நோயின் தணிவு ‘இறங்குதல்’ எனப்படும். குணமானவருக்குத் ‘தலைக்குத் தண்ணீர் விடுதல்’ நிகழும். வரதய்யபாளையப் பகுதியின் மற்றொரு மொழியாகிய தெலுங்கிலும் ‘அம்மவாரு போசிந்தி’ என்பதே வழக்கு. ‘போசிந்தி’ என்பதற்கும் வார்த்தாள் என்பதே பொருள். முத்துமாரிக்கு இணையாக முத்யாலம்மா அங்கு உண்டு. இரு மொழிகளும் இந்நோய்க்கு ஒரே வினையைத் தேர்ந்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

‘வார்த்தல்’ மேலிருந்து கீழ் நோக்கிய செயல். பசித்தவர்க்குக் கஞ்சி வார்ப்பதற்கும், தாய் குழந்தைக்கு நீர் வார்ப்பதற்கும் வழங்கும் அதே சொல் நோய்க்கும் வழங்குகிறது. மாரி என்னும் பெயரே மழையைக் குறிப்பது. மழை யார்மேல் பெய்யும் எனக் கேட்பதில் பொருளில்லை. அயல்வீட்டார் மீது பெய்த மழை தம்மீது பெய்ததற்காக அயல்வீட்டாரைப் பழிப்பாரில்லை.

‘தொற்றுதல்’ பக்கவாட்டில் நிகழும் செயல். ஒருவரிடமிருந்து மற்றவர்க்குப் பற்றிக்கொள்வது. கொரோனாக் காலத்தில் நிலைபெற்ற ‘பெருந்தொற்று’ என்னும் சொல் இவ்வினையினின்று பிறந்தது. நோய் பரவும் முறையைப் பொறுத்தவரை தொற்றுதல் என்பதே உண்மை. அம்மையும் தொற்றும் நோயே. அறிவியல் நோக்கில் ‘வார்த்தல்’ பிழையான விளக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மன நோக்கில் இரண்டின் விளைவும் வேறுபடுகின்றன. வார்த்தல் அச்சத்தை அணங்கிடத்திலேயே நிறுத்துகிறது. தொற்றுதல் அதனைச் சக மனிதரிடம் கொண்டுவருகிறது. முன்னது நோயாளியைத் தெய்வம் தங்கிய உடலாக்கிற்று. பின்னது அவரை ஊருக்கு வந்த தீங்காக்க இடமளித்தது.

மாரியம்மன் தாலாட்டு இம்மனநிலையின் முதன்மையான இலக்கியச் சான்று. அம்மை கண்ட வீடுகளில் நோயாளியின் அருகில் படிக்கப்பெற்ற நூல் இது. இதன் அமைப்பில் கருதத்தக்கன மூன்று.

முதலாவது, உறவு மாற்றம். தாய் குழந்தையைத் தாலாட்டுவது உலகியல். இங்குத் தாய் எனப்படுபவளே தாலாட்டப்படுகிறாள். அஞ்சத்தக்க ஆற்றலைக் குழந்தையாக்கி உறங்கவைக்கும்போது அஞ்சியவர் தாயின் இடத்தைப் பெறுகிறார். செயலற்றிருந்தவர்க்குச் செய்வதற்கு ஒரு செயல் கிடைக்கிறது. படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு எதுவும் செய்ய இயலாத தாய் நோயை அனுப்பியவளுக்குத் தாயாகிறாள்.

இரண்டாவது, முத்திறக்கம். தலை முதல் கால்வரை உறுப்புகளைப் பெயர் சொல்லி அங்கங்குப் போட்ட முத்துகளை இறக்கும்படி வேண்டுவது இந்நூலின் சிறப்புக்கூறு. ஒரே வெப்பமாய், ஒரே வேதனையாய்க் கிடக்கும் உடலை இப்பாடல் உறுப்பு உறுப்பாகப் பிரிக்கிறது. அளவற்றதாகத் தோன்றிய துன்பம் வரிசையும் எல்லையும் உடையதாகிறது. கேட்பவர் அடுத்த உறுப்பிற்காகக் காத்திருக்கிறார். பாடல் முடியும்போது உடல் முழுவதும் ஒருமுறை நலம் வேண்டப்பட்டதாகிறது.

மூன்றாவது, முரண் தொனி. பாடல் தேவியைப் புகழ்கிறது, இரக்கிறது, இடையிடையே உரிமையோடு கடிந்தும் கொள்கிறது. சினம் வெளிப்படுவதற்கு இடமுண்டு. ஆனால் அச்சினம் மனிதர் எவர்மீதும் பாயவில்லை. கொடுத்தவளிடமே முறையிடுகிறது. துயருற்ற மனத்திற்குச் சினமும் வேண்டும், அது சென்று சேர்வதற்கு ஓரிடமும் வேண்டும் என்பதை இம்மரபு அறிந்திருந்தது எனலாம்.

இப்பாடலைச் சூழ்ந்த வழக்கங்களும் இதே பணியைச் செய்தன. வாசலில் வேப்பிலை, வேப்பிலைப் படுக்கை, இளநீர், தாளிப்பற்ற உணவு, வருவோர் போவோருக்குக் கட்டுப்பாடு, பின் முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என எண்ணப்பட்ட நீராட்டு ஆகியன அவை. இவற்றால் நோய்க்குப் பெயரும், வீட்டார்க்குப் பணியும், துன்பத்திற்குக் கால அளவும், முடிவிற்கு ஓர் அடையாளமும் கிடைத்தன. மூன்றாம் தண்ணீர் முடிந்தால் அந்த வீட்டிற்கு நோய் முடிந்தது என ஊர் ஏற்றுக்கொள்ளும்.

கதவின் அடையாளம்

வேப்பிலை செருகிய வாசலும், 2020இல் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என அறிவிக்கும் தாள் ஒட்டிய கதவும் செய்த வேலை ஒன்றே. உள்ளே நோய் இருக்கிறது, வாராதீர் என்பதை இரண்டும் அறிவித்தன. நோய் தடுக்கும் பயனில் இரண்டிற்கும் வேறுபாடு சிறிது. பொருளிலோ வேறுபாடு பெரிது. வேப்பிலையை வீட்டார் தாமே செருகினர்; தாளைப் பிறர் வந்து ஒட்டினர். வேப்பிலை கண்டவர் கைகூப்பி விலகினர்; தாள் கண்டவர் அஞ்சி விலகினர். முன்னதில் விலகல் மரியாதை. பின்னதில் விலகல் ஒதுக்கம். உரிய அதிகாரியின் தனி ஆணை இல்லாமல் இத்தகைய அறிவிப்புகளை ஒட்டலாகாது என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

சொற்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ‘சமூக இடைவெளி’ என்னும் தொடர் முதலில் வழங்கியது. தீண்டாமையின் நினைவை அது எழுப்பியதால் ‘தனிமனித இடைவெளி’, ‘உடல் இடைவெளி’ என்பன பரிந்துரைக்கப்பட்டன. விலகி நில் எனும் சொல்லைச் சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட மக்களுக்கு அச்சொல் மருத்துவ அறிவுரையாக மட்டும் ஒலிக்க இயலாது. ‘ஊரடங்கு’ என்பதும் பழைய வழக்கில் இரவில் ஊர் ஓய்ந்து உறங்கும் பொழுதைக் குறித்தது. ஊர் தானே அடங்குவதைக் குறித்த சொல் ஊரை அடக்குவதைக் குறிக்கும் சொல்லாயிற்று.

எல்லையும் வெளியேற்றமும்

அம்மை மரபைப் பழியற்ற மரபு என முற்றாகக் கூறிவிட இயலாது. அதனுள்ளும் வெளியேற்றம் உண்டு. தென்னிந்திய ஊர்த்தெய்வங்களைப் பற்றி 1916இல் நூல் வெளியிட்ட ஹென்றி ஒயிட்ஹெட், கொள்ளைநோய்க் காலத்தில் தெய்வத்தைச் சடங்கோடு ஊரெல்லைக்குக் கொண்டுசென்று அப்பால் விட்டுவரும் வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். எல்லைக்கு அப்பாலும் ஊருண்டு. அவ்வூர் தன் எல்லைக்கு அப்பால் அதனை விடும். தம் ஊருக்குள் நோயாளியைப் பழிக்காத மரபு, நோயை அடுத்த ஊருக்கு அனுப்புவதில் தயக்கம் காட்டவில்லை.

இதற்கு இணையான நிகழ்ச்சி 2020 ஏப்ரல் இறுதியில் இதே மாவட்ட எல்லையில் நடந்தது. வேலூர் மாவட்டத்திலிருந்து சித்தூர் மாவட்டத்திற்குச் செல்லும் இரு சாலைகளின் குறுக்கே நோய்த்தடுப்பின் பெயரால் சுவர்கள் எழுப்பப்பட்டன; எதிர்ப்பு எழுந்ததும் அவை இடிக்கப்பட்டன. நுண்மியைத் தடுக்கச் சுவர் பயன்படாது என்பதைக் கட்டியவர்களும் அறிவர். சுவர் தடுத்தது அப்பாலுள்ள மனிதரை. எல்லைக்கு அப்பால் இருப்பது நோய் என்னும் பழைய உணர்வு கல்லும் சிமெண்டும் கொண்டு வடிவம் பெற்றது எனக் கூறலாம். 1960 வரை ஒரே மாவட்டத்தினராய் இருந்தோரை எதிரெதிர்ப் புறத்தே நிறுத்திய எல்லைப் பகுதியில் இச்செயலின் பொருள் கூடுதலாக உறைத்தது.

இழவு: முற்றுப்பெறாத துயர்

மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. இவற்றுள் இழவு உற்றாரை இழத்தல். இழவு என்னும் சொல்லே சாவுச் சடங்கிற்கும் பெயராக வழங்குவது தமிழில் இழப்பும் சடங்கும் பிரிக்கப்படாமையைக் காட்டுகிறது. உடலைக் குளிப்பாட்டல், வாய்க்கரிசி இடல், ஒப்பாரி, கொள்ளிக்குடம் உடைத்தல், பால் தெளித்தல், பதினாறாம் நாள் கருமாதி என ஒவ்வொன்றும் ஓர் உறவினர்க்கு உரிய பணி. பெரும்பாலானவை தொட்டுச் செய்வன.

2020 மார்ச்சில் நடுவணரசின் நல்வாழ்வு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், இறந்தவர் முகத்தை உறவினர் பார்க்கவும், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யவும் இசைவு தந்தது; குளிப்பாட்டல், தழுவல் முதலியவற்றை விலக்கிற்று. ஊரடங்கு விதிகள் இறுதி ஊர்வலத்திற்கு 20 பேர் என வரம்பிட்டன. நடைமுறையில் அச்சம் விதியையும் கடந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர்களின் உடல்களை எரிக்கவும் புதைக்கவும் விடாமல் கூட்டத்தார் தடுத்த நிகழ்ச்சிகள் நடந்தன. அவர்களுள் ஒருவர் நெல்லூரைச் சேர்ந்தவர். அம்மாத இறுதியில் தமிழக அரசு அவசரச் சட்டம் இயற்றி, இத்தகைய தடுப்பிற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுகள்வரை சிறைத்தண்டனை விதித்தது. நோயாளிக்கு மருந்தளித்தவரின் உடலுக்கு ஊர் இடமளிக்க மறுத்ததும், அதற்குச் சட்டம் வேண்டியதாயிற்று என்பதும் அச்சம் கள்வர் நிலைக்களனுக்கு முற்றாக மாறியதற்குச் சான்றுகள்.

உளவியலறிஞர் பாலின் பாஸ், உடல் கிடைக்காத சாவு, விடைபெறாத பிரிவு போன்றவற்றைத் தெளிவற்ற இழப்பு என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். இத்தகைய இழப்பில் துயர் உறைந்து நின்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. பெருந்தொற்றை ஒட்டி அவர் 2021இல் வெளியிட்ட நூல், துயருக்கு முற்றுப்புள்ளி உண்டு என்பதே ஒரு கட்டுக்கதை என வாதிடுகிறது. துயர் முடிவதில்லை; அதனோடு வாழும் முறையே கண்டடையப்படுகிறது.

இக்கருத்து அம்மை மரபை மேலும் தெளிவாகப் புரிந்துகொள்ள உதவுகிறது. மூன்றாம் தண்ணீர் நோயை முடித்துவைத்தது. ஆனால் தெய்வத்தை அனுப்பிவிடவில்லை. அவள் ஆண்டுதோறும் கோடையில் மீள்கிறாள். திருப்பதித் தாதய்யகுண்டா கங்கம்மா சாதரை இதற்கு அண்மைச் சான்று. 2013இல் இவ்விழாவைப் பற்றி நூல் வெளியிட்ட ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், வெப்பமும் நோயும் மிகும் காலத்தில் பெருகும் தேவியின் உக்கிரத்தை நிறைவு செய்து ஊருக்குக் காப்பாக்குவதை அவ்விழாவின் உட்பொருளாகக் காண்கிறார். ஆண்கள் பெண்வேடம் பூணுகின்றனர். இறுதியில் மண்ணாற் செய்த தேவியின் பேருருவம் கலைக்கப்படுகிறது. அம்மண்ணை மக்கள் வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றனர். உருவம் கலைகிறது, மண் வீட்டில் தங்குகிறது. துயரை முடிப்பதற்கும் துயரோடு வாழ்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இச்சடங்கு அறிந்திருக்கிறது.

பெரியம்மை ஒழிந்ததாக உலக நலவாழ்வு மன்றம் 1980இல் அறிவித்தது. அதன் பின்னும் மாரியம்மன் ஏன் நீடிக்கிறாள் என்னும் வினாவை மார்கரெட் டிராவிக் 1984இல் வெளிவந்த கட்டுரையில் தமிழகக் களச்சான்று கொண்டு எழுப்பினார். நோய் போன பின்னும் தெய்வம் நிற்பதற்குக் காரணம், அவள் நோயைவிட நோயுற்றவரின் துயருக்கே உரியவளாக இருந்தமை எனக் கொள்வது பொருந்தும். பிளேக் வந்தபோது கோவையில் பிளேக் மாரியம்மன் தோன்றியதும், 2021 மே மாதத்தில் கோவை அருகே இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் கொரோனா தேவிக்குக் கருங்கல் உருவம் அமைத்து 48 நாள் வழிபாடு நடத்தியதும் இத்தொடர்ச்சியில் வைத்து எண்ணத்தக்கவை. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. மாரியம்மன் நோயாளியின் படுக்கையருகே பாடப்பட்டாள். கொரோனா தேவி வழிபடப்பட்டபோது நோயாளி தொலைவில் மருத்துவமனையில் தனித்துக் கிடந்தார். தெய்வம் வந்தது, தாலாட்டு வரவில்லை.

கொரோனாவிற்கு முடிவின் அடையாளமும் வாய்க்கவில்லை. உலக நலவாழ்வு மன்றம் 2020 மார்ச்சு 11 அன்று பெருந்தொற்று என அழைத்த நோயின் நெருக்கடிநிலை 2023 மே 5 அன்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்நாளை நினைவில் கொண்டோர் மிகச் சிலரே. எந்த வீட்டிலும் அன்று எவர் தலைக்கும் தண்ணீர் விடப்படவில்லை.

மரபின் வரையறைகள்

அம்மை மரபு துயரைத் தாங்கிற்று, நோயைத் தடுக்கவில்லை. தெய்வத்தின் வருகைக்கு இடையூறு செய்வதாக எண்ணி அம்மைகுத்தலை ஏற்கத் தயங்கியோர் பலர். இத்தயக்கத்தை மக்களின் மொழியிலேயே எதிர்கொள்ள முயன்றவர் சென்னையில் ஆட்சியராயிருந்து 1819இல் மறைந்த எல்லிஸ். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக அவர் தமிழில் எழுதிய கதை, பசுவின் அம்மைப்பாலைப் பசு தரும் கொடைகளுள் ஒன்றாகக் காட்டுகிறது. தடுப்பூசியும் தேவியின் அருளே என்னும் இவ்விளக்கம் மக்கள் நம்பிக்கையைக் கையாளும் உத்தி என்பது உண்மை. எனினும் உண்மையைச் சொல்வதற்கும் மக்கள் மனம் ஏற்கும் வடிவம் வேண்டும் என்பதை அது உணர்ந்திருந்தது.

மற்றொரு வரையறை இதனினும் முதன்மையானது. 2021 மே 10 இரவு திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வழங்கல் தடைப்பட்டு 11 நோயாளிகள் இறந்ததாக அரசு தெரிவித்தது. அவ்விறப்புகளை ‘வார்த்தல்’ என்னும் சொல்லால் விளக்க இயலாது, விளக்கவும் கூடாது. மனிதர் தவிர்த்திருக்கக்கூடியதைத் தெய்வத்தின்மேல் ஏற்றுவது பொறுப்பினின்று தப்புவதற்கு வழியாகும். இங்குத் தேவைப்படுவது சிலப்பதிகாரத்தின் முதற்பாதி: நாட்டின் துன்பத்திற்கு ஆட்சியிடம் நியாயம் கேட்கும் துணிவு. தவிர்க்கவேண்டுவது அதன் பிற்பாதி: கேட்ட நியாயத்தை எளியோர் கூட்டத்தின்மேல் தீர்த்துக்கொள்ளும் வழக்கம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. கொள்ளைநோயில் அணங்கச்சத்தைப் பிற நிலைக்களன்களுக்கு மாற்றியே மனம் பொருள் காண்கிறது. தமிழ் மரபில் இதற்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று குற்றம் காணும் வழி. மற்றொன்று உறவு காணும் வழி. குற்றவழி ஆட்சியைக் கேள்வி கேட்கும் ஆற்றலுடையது. எளிதில் அயலார்மேல் பாயும் தீங்கும் உடையது. உறவுவழி நோயாளியின் மதிப்பையும் வீட்டாரின் பணியையும் துயரின் கால அளவையும் காத்தது. பொறுப்புக் கேட்கும் ஆற்றல் அதற்கில்லை. தன் எல்லைக்கு அப்பாலிருப்போரையும் அது கருதவில்லை.

‘வார்த்தல்’ என்பதற்குத் திரும்பிச் செல்ல இயலாது. நோய் தொற்றும் என்பதை அறிந்த பின் அறியாதார்போல் இருத்தல் அறமாகாது. ஆனால் ‘தொற்றுதல்’ என்னும் உண்மையை வேப்பிலை வாசலின் மரியாதையோடு சொல்ல இயலாதா என்பதே இப்பெருந்தொற்று எழுப்பி, விடையின்றி விட்டுச்சென்ற வினா. வரதய்யபாளையம் போன்ற எல்லை ஊர்களில் இருமொழி மக்களும் அம்மை பற்றிப் பேசும் வழக்குகளும், 2020-21இல் பாடப்படாமற்போன ஒப்பாரிகளும் களத்தில் தொகுக்கப்பெற்றால் அவ்வினாவிற்கு விடை காண வழி பிறக்கும். இழவுக்கு உரிய சொல் கிடைக்காமல் இருப்போர் இன்னும் பல வீடுகளில் உள்ளனர் என்பதால் அத்தொகுப்பு காலம் தாழ்த்தாது செய்யத்தக்கதாகும்.